ஸ்வீடிஷில் ‘நீ’ என்றால் நீங்கள்: மூவிடப் பெயர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனுக்கு வந்து மொழி வகுப்பில் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் ஏறிவிடுபவை மூவிடப் பெயர்கள். நான், நீ, அவன், அவள் என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள்தானே என்று தோன்றும். இரண்டு வருடம் கழித்தும் அவற்றிலேயே தடுக்கி விழுந்தவன் நான். கீழே உள்ள கேள்விகளில் பாதி மற்றவர்கள் என்னிடம் கேட்டவை, மீதி நான் பிறரிடம் கேட்டு நச்சரித்தவை.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் ஸ்வீடிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். மூவிடப் பெயர்களைப் பொறுத்தவரை அது சுற்றுவழி. ஆங்கிலத்தில் இல்லாத சில விஷயங்கள் ஸ்வீடிஷிலும் தமிழிலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நாமும் ஆங்கிலேயர் திணறும் இடத்தில் போய்த் திணற வேண்டியதில்லை.

படிக்கும் முன் ஒன்று: ஸ்வீடிஷ் சொற்களை ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். மூவிடப் பெயர்களின் தொடக்கத்தில் வரும் ‘த’வை ‘தேவி’, ‘தயவு’ என்பவற்றில் வருவதுபோலப் படியுங்கள்.

முதலில் பட்டியலைச் சொல்லுங்கள்.

நான் என்பது யா. நீ என்பது தூ. அவன் ஹன், அவள் ஹூன். அதற்கு இரண்டு சொற்கள்: தென், தே. நாம், நாங்கள் இரண்டுக்கும் வீ. பலரைப் பார்த்துச் சொல்லும் நீங்கள் என்பது நீ. அவர்கள், அவை இரண்டும் தொம்.

இது எழுவாயாக வரும் வடிவம். வேற்றுமை ஏற்கும்போது யா மெய் ஆகும், தூ தெய் ஆகும், ஹன் ஹொன்னொம் ஆகும், ஹூன் ஹென்னெ ஆகும், வீ ஒஸ் ஆகும், நீ ஏர் ஆகும். தென், தே, தொம் மூன்றும் பேச்சில் மாறுவதில்லை.

எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருக்கிறதே?

ஆமாம், இந்தச் சொற்களில்தான் அது அதிகம். ‘யா’வின் எழுத்தில் கடைசியில் ஒரு க் உண்டு, நிறுத்தி நிதானமாகப் பேசினால் தவிர அது வாயில் வராது. ‘மெய்’, ‘தெய்’ இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தால் மிக், திக் என்று வரும். அப்படிச் சொன்னால் புரியும்தான், ஆனால் பாடப்புத்தகம் பேசுவதுபோல இருக்கும். ‘தே’யின் கடைசியில் எழுதும் த் ஒலிப்பதே இல்லை.

என்னை என்பதற்கு மெய், தன்னை என்பதற்கு ஸெய். நம்மவர்களுக்கு இவை மனத்தில் உட்கார அதிக நேரம் ஆகாது. மெய் என்றால் உடம்பு, என் உடம்பு, நான். ஒரு வகுப்புத் தோழிக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவர் மறக்கவே இல்லை.

‘நீ’ என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் என்ன ஆகும்?

தமிழருக்கென்றே வைத்த பொறி இது. ஸ்வீடிஷில் ‘நீ’ பன்மை. எதிரே இரண்டு பேராவது இருக்க வேண்டும். தனியாக நிற்கும் நண்பரிடம் பழக்க தோஷத்தில் ‘நீ கொம்மெர்?’ (வருகிறாயா?) என்று கேட்டால், அவர் திரும்பிப் பார்த்து இன்னும் யார் வருகிறார்கள் என்று தேடுவார். எனக்கு நடந்தது. ஒருவருக்கு எப்போதும் தூ.

இந்த ‘நீ’ பிறந்த கதையும் சுவாரஸ்யம். பழைய ஸ்வீடிஷில் பன்மை முன்னிலை வெறும் ‘ஈ’தான். அதற்கு முன்னால் வரும் வினையின் கடைசியில் ஒரு ன் இருக்கும். அந்த ன் மெல்ல நகர்ந்து ஈயோடு ஒட்டிக்கொண்டு நீ ஆகிவிட்டது. 1917-ஆம் ஆண்டு ஸ்வீடிஷ் பைபிளைப் புரட்டினால் பழைய ஈயை இன்னும் பார்க்கலாம்.

மேலதிகாரி, ஆசிரியர், வயதானவர்களையும் ‘தூ’ என்றா அழைப்பது? கூசுகிறதே.

கூசத்தான் செய்யும். எனக்குப் பல மாதம் கூசியது. எழுபது வயது பக்கத்து வீட்டு அம்மாவிடம் தூ என்று சொல்ல வராமல், பெயரும் சொல்லாமல், மூவிடப் பெயரே இல்லாத வாக்கியங்களாகத் தேடித் தேடிப் பேசினேன். பிறகுதான் தெரிந்தது, ஒரு காலத்தில் ஸ்வீடன்காரர்களே இப்படித்தான் அவஸ்தைப்பட்டிருக்கிறார்கள்.

1960-கள் வரை அங்கே மரியாதை பெரிய சிக்கல். பட்டம், பதவி உள்ளவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசும்போதும் படர்க்கையில்தான் பேச வேண்டும். ‘டைரக்டருக்குக் காபி வேண்டுமா?’ என்று டைரக்டரிடமே கேட்பது. குழந்தைகள் தெரிந்த பெரியவர்களிடம், ‘வில் ஃபார்ப்ரூர் ஹா கஃபெ?’ என்பார்கள். ஃபார்ப்ரூர் என்றால் பெரியப்பா அல்லது சித்தப்பா. நம் வீட்டில் ‘மாமாவுக்குக் காபி வேணுமா?’ என்று மாமாவையே கேட்பதில்லையா, அச்சு அசல் அதுதான்.

அப்போது ‘நீ’யை ஒருவருக்கு மரியாதையாகச் சொல்லலாமே என்றால், அதிலும் சிக்கல் இருந்தது. பட்டம் இல்லாதவரை மேலிடத்தில் இருப்பவர் அழைக்கும் சொல்லாக அது கீழிறங்கிப் போயிருந்தது. எனவே பலர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். பழகிய பிறகு பட்டங்களை ஒதுக்கிவிட்டுத் தூ என்று அழைத்துக்கொள்ள ஒரு சடங்கே உண்டு. வயதிலோ தகுதியிலோ மூத்தவர்தான் அதைத் தொடங்கி வைக்க வேண்டும். கோப்பையைத் தூக்கி ‘தூஸ்கோல்’ என்று குடிப்பார்கள்.

1967-இல் மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்ஸெட், இனி ஊழியர்கள் எல்லோரையும் தூ என்றுதான் அழைப்பேன், என்னையும் பெயர் சொல்லியே அழையுங்கள் என்று அறிவித்தார். மாற்றம் அதற்கு முன்பே ஆங்காங்கே தொடங்கியிருந்தது. ஆனால் ‘தூ சீர்திருத்தம்’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அவர்தான். ப்ரூர் என்ற சொல்லுக்கே சகோதரன் என்று பொருள். பெயர் பொருத்தம் அப்படி. சில ஆண்டுகளில் நாடே தூவுக்கு மாறியது.

எனவே இன்று ஒருவரைத் தூ என்றால் அது நம்முடைய ‘நீ’ அல்ல, ‘நீங்கள்’ உம் அல்ல. மரியாதை என்ற கணக்கே அந்தச் சொல்லில் இல்லை. தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆனால் கடையில் என்னை ஒருவர் ‘நீ’ என்றாரே?

1980-களிலிருந்து கடை, உணவகங்களில் வேலை செய்யும் இளையவர்கள் சிலர் வாடிக்கையாளரை மரியாதைக்காக நீ என்கிறார்கள். பழைய நினைவு உள்ள முதியவர்கள் சிலருக்கு அது பிடிப்பதில்லை. உங்களை ஒருவர் அப்படி அழைத்தால் நல்லெண்ணத்தில்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதிலுக்குத் தூ என்றே சொல்லலாம். பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசுபவர்களிடம் மரியாதை ‘நீ’ கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

நாம், நாங்கள் வேறுபாடு?

கிடையாது. எல்லாம் வீதான். ‘வீ சாப்பிடப் போகிறோம்’ என்று சக ஊழியர் சொன்னால் உங்களையும் சேர்த்துத்தானா என்று சூழலை வைத்து ஊகிக்க வேண்டும். கேட்டுவிடுவது நல்லது.

‘அவர்’ என்பதற்கு என்ன சொல்?

மரியாதை அவர் இல்லை. உங்கள் அம்மாவும் ஹூன்தான், பிரதமரும் ஹன் அல்லது ஹூன்தான். முதலில் மனம் ஒப்பாது. ஆனால் நம்மை அதிகம் படுத்துவது வேறொன்று. தமிழில் ‘டாக்டர் வந்தார், அவர் மாத்திரை கொடுத்தார்’ என்று சொல்லும்போது டாக்டர் ஆணா பெண்ணா என்று யோசிப்பதே இல்லை. அவர் என்ற சொல் அந்தக் கவலையைத் தின்றுவிடுகிறது. ஸ்வீடிஷில் அப்படியே ‘ஹன்’ என்று ஓட்டிவிடுவோம். எதிரே இருப்பவர் அந்தப் பெண் மருத்துவரைத் தெரிந்தவராக இருந்தால் குழம்புவார். நான் இன்றும் வேகமாகப் பேசினால் இதில் வழுக்குவேன்.

‘ஹென்’ என்று ஒன்று கேள்விப்பட்டேன். அது என்ன?

நம் ‘அவர்’ போலப் பால் காட்டாத படர்க்கைச் சொல், மரியாதையைக் கழித்துவிட்டு. ஆணா பெண்ணா என்று தெரியாதபோதோ, அது முக்கியமில்லாதபோதோ, இரண்டிலும் தம்மைச் சேர்க்க விரும்பாத ஒருவரைக் குறிக்கும்போதோ வரும். ஃபின்னிஷ் மொழியில் ஆண், பெண் இருவருக்கும் ‘ஹென்’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும் ஒரே சொல்தான். அந்தப் பக்கத்து வீட்டு வசதியைப் பார்த்து 1966-இலேயே ஒரு ஸ்வீடிஷ் பத்திரிகையில் இந்த யோசனை எழுந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012-இல் ஒரு குழந்தைகள் புத்தகம் ஹென்னைப் பயன்படுத்தியதும் நாடு முழுக்க வாக்குவாதம் வெடித்தது. 2015-இல் ஸ்வீடிஷ் அகாடமியின் சொற்பட்டியலில் இடம் பிடித்துவிட்டது.

‘அவருடைய’ என்பதற்கு ஹென்ஸ். ‘அவரை’ என்பதற்கும் ஹென் என்றே வைத்துக்கொள்ளலாம். ஹெனொம் என்று எழுதுபவர்களும் உண்டு. ‘ஹன் அல்லது ஹூன்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதும் வழக்கத்தில்தான் இருக்கிறது.

‘அது’வுக்கு ஏன் இரண்டு?

ஸ்வீடிஷில் பெயர்ச்சொற்கள் இரண்டு கூட்டம்: ‘என்’ கூட்டம், ‘எத்த்’ கூட்டம். கார் (பீல்), புத்தகம் (பூக்) எல்லாம் முதல் கூட்டம். அவற்றுக்கு அது என்பது தென். வீடு (ஹூஸ்) இரண்டாம் கூட்டம், அதற்கு தே. எது எந்தக் கூட்டம் என்பதற்குப் பெரிதாக விதி இல்லை. ஏறக்குறைய முக்கால் பங்கு ‘என்’ கூட்டம்தான். எனவே தெரியாவிட்டால் தென் என்று சொல்லிப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் ‘தே’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘மழை பெய்கிறது’ என்றால் நமக்கு மழையே எழுவாய். ஸ்வீடிஷில் ‘தே ரெங்னர்’. யார் பெய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக உட்கார வைத்த ஆள் அந்தத் தே. ஆளை அறிமுகம் செய்யும்போதும் அதுதான்: ‘தே ஏ மின் ப்ரூர்’, இது என் சகோதரன். கதவைத் தட்டிவிட்டு ‘நான்தான்’ என்று சொல்வது ‘தே ஏ யா’.

ஒரு வேடிக்கை: மணி என்ன என்று கேட்டால் சிலர் ‘ஹூன் ஏ த்ரே’ என்பார்கள். அவள் மூன்று. கடிகாரத்தைப் பெண்ணாகப் பார்க்கும் பழைய வழக்கம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனிதன் என்ற பொதுச்சொல்லையும் அவள் என்றே சுட்டுவார்கள்.

எனக்கு, என்னை, என்னிடம், என்னோடு: இத்தனைக்கும் என்ன?

அத்தனைக்கும் மெய். வேற்றுமை உருபு வேலையை முன்னால் வரும் சிறு சொற்கள் பார்த்துக்கொள்ளும். தமிழ் படித்தவருக்கு இது பரிசு. எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவர் இரண்டே வடிவத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ஆனால் தமிழ் தரும் ஒரு சலுகை இங்கே கிடைக்காது. ‘வந்தேன்’ என்றாலே நான் என்று தெரிந்துவிடும் நமக்கு. ஸ்வீடிஷ் வினை யாருக்கும் வளையாது: யா கொம், தூ கொம், ஹன் கொம், வீ கொம், எல்லாம் கொம்தான். எனவே மூவிடப் பெயரை விட முடியாது. குறுஞ்செய்தியில் ‘கொம்மெர்’ என்று மட்டும் அனுப்பலாம், பேச்சில் யா வேண்டும்.

‘தன்’ என்பதற்கு ஸ்வீடிஷில் சொல் உண்டா?

உண்டு! நான் இவ்வளவு நேரம் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். ‘ஸின்’ என்பது தமிழ்த் ‘தன்’.

வகுப்பில் எல்லா ஆசிரியர்களும் சொல்லும் உதாரணம்: ‘ஹன் எல்ஸ்கர் ஸின் ஃப்ரூ’, அவன் தன் மனைவியை நேசிக்கிறான். ‘ஹன் எல்ஸ்கர் ஹன்ஸ் ஃப்ரூ’ என்றால் இன்னொருவன் மனைவியை நேசிக்கிறான். ஆங்கிலம் வழியாக வருபவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வருடக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். நமக்குத் தன் என்ற சொல் ரத்தத்தில் இருக்கிறது. இருந்தும் நான் ஆங்கிலத்தில் யோசித்து, மதிய உணவு மேசையில், என் நண்பன் ‘ஹன்ஸ் ஃப்ரூ’வோடு ஊர் சுற்றப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். மேசையில் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு யாருடைய மனைவி என்று கேட்டார்கள்.

அப்படியென்றால் ‘தன்’ வரும் இடமெல்லாம் ‘ஸின்’ போடலாமா?

முக்கால்வாசி போடலாம். மூன்று இடத்தில் கவனம்.

‘அவனும் அவன் மனைவியும் வந்தார்கள்’ என்பதில் மனைவியும் எழுவாய்க்குள்ளேயே இருக்கிறாள். அங்கே ஸின் வராது, ஹன்ஸ்தான். நல்லவேளை, தமிழிலும் அந்த இடத்தில் ‘அவன் மனைவி’ என்பதுதான் இயல்பாக வாயில் வருகிறது.

உண்மையான குழி இது. ‘தன் தம்பி வருவதாக அவன் சொல்கிறான்.’ தமிழில் இந்தத் தன் வாக்கியத்தைத் தாண்டிப் போய் அவனைத் தொடும். ஸ்வீடிஷ் ஸின்னுக்கு அவ்வளவு நீளக் கை இல்லை. தன் சிறு வாக்கியத்தின் எழுவாயை மட்டுமே தொடும். அதனால் ‘ஹன் ஸெய்யெர் அத்த் ஹன்ஸ் ப்ரூர் கொம்மெர்’. இங்கே ஸின் ப்ரூர் என்றால் தவறு. தமிழை நம்பிப் போனால் விழும் ஒரே இடம் இதுதான் என்பேன்.

மூன்றாவது: தமிழில் உடையவர் ஒருவரா பலரா என்பதைப் பொறுத்துத் தன், தங்கள் என்று மாறும். ஸ்வீடிஷில் உடைமையைப் பார்த்து மாறும். கார் என்றால் ஸின் பீல், வீடு என்றால் ஸித்த் ஹூஸ், பிள்ளைகள் என்றால் ஸீனா பாண். அவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே காரை எடுத்தாலும் ஸின் பீல்தான்.

என், உன் என்பவையும் இப்படித்தான் மாறுமா?

ஆமாம். மின், மித்த், மீனா. தின், தித்த், தீனா. நம் என்பது வோர், வோட், வோரா. உங்கள் என்பது ஏர், ஏட், ஏரா. எழுத்தில் ர்-உம் த்-உம் சேர்ந்து வந்தால் ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சில் நம் ‘ட்’ போல நாக்கு மடங்கும். தமிழ் நாக்குக்கு இதில் கஷ்டமே இல்லை. பிள்ளைகள் என்ற ‘பாண்’ சொல்லின் கடைசி ஒலியும் நம் ‘ண்’ தான். முதலெழுத்தைப் பாரதியின் பா போலச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்து நண்பர் எங்கே ரொட்டி என்று கேட்பார்.

ஹன்ஸ் (அவனுடைய), ஹென்னெஸ் (அவளுடைய), தேரஸ் (அவர்களுடைய) மூன்றும் எதற்கும் மாறாது.

‘லேரா ஸெய்’ என்பதில் அந்த ‘ஸெய்’ எதற்கு?

லேரா என்றால் கற்பி. லேரா ஸெய் என்றால் கற்றுக்கொள். அந்தக் ‘கொள்’தான் ஸெய். திருமணம் செய்துகொள்வது யிஃப்தா ஸெய். இதை ‘தன்னைத்தானே’ என்று மொழிபெயர்த்துப் பார்த்தால் அபத்தமாக இருக்கும். ‘கொள்’ என்று வைத்தால் பெரும்பாலும் பொருந்தும். (யிஃப்த் என்றால் திருமணமானவர். அதே சொல்லுக்கு நஞ்சு என்ற பொருளும் உண்டு. ஸ்வீடன்காரர்களே இதை வைத்துச் சிரித்து அலுத்துவிட்டார்கள்.)

கவனிக்க வேண்டியது: ஸெய் படர்க்கைக்கு மட்டும். நான் ஸ்வீடிஷ் கற்றுக்கொள்கிறேன் என்றால் ‘யா லேர் மெய் ஸ்வென்ஸ்கா’. யா லேர் ஸெய் என்று சொல்லாதீர்கள்.

மூவிடப் பெயர் வருவது ‘இல்லை’ என்ற சொல்லுக்கு முன்னாலா, பின்னாலா?

எனக்குக் காரின் என்ற பெண்ணைத் தெரியாது: ‘யா ஷென்னெர் இன்த்தெ காரின்’. எனக்கு அவனைத் தெரியாது: ‘யா ஷென்னெர் ஹொன்னொம் இன்த்தெ’. அழுத்தம் இல்லாத மூவிடப் பெயர் மறுப்புச் சொல்லைத் தாண்டி முன்னே வந்துவிடும். ‘அவனைத்தான் தெரியாது’ என்று அழுத்தினால் மறுபடி பின்னே போய்விடும். நம் தேற்றச் சொல் ‘தான்’ செய்யும் வேலையை இங்கே இடமாற்றம் செய்கிறது.

தொம் என்பதை எழுதும்போது ஏன் இவ்வளவு குழப்பம்?

பேச்சில் அவர்கள், அவர்களை எல்லாம் தொம். எழுத்தில் இரண்டு வடிவம், ஒன்று எழுவாய்க்கு, மற்றது கடைசியில் ம் சேர்ந்து வேற்றுமைக்கு. ஸ்வீடிஷ் தாய்மொழிக்காரர்களே தடுமாறுகிறார்கள். பேசுவதுபோல ஒரே வடிவமாக எழுதிவிடலாம் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் வீ பொருந்துகிறதா, ஒஸ் பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். வீ என்றால் ம் வேண்டாம், ஒஸ் என்றால் ம் வேண்டும்.

‘மன்’ என்றால் ஆண் இல்லையா?

ஆண் என்ற பொருளும் உண்டு, எழுத்தும் ஒன்றேதான். மூவிடப் பெயராக வந்தால் யாரும் என்று பொருள். ‘இங்கே புகைபிடிக்கக்கூடாது’ என்பதற்கு நமக்கு எழுவாயே தேவையில்லை, அவர்களுக்கு வேண்டும். அங்கே மன்னை வைப்பார்கள். அதன் வேற்றுமை வடிவம் என், உடைமை வடிவம் என்ஸ்.

ஸ்வீடனில் ‘தூ’ என்று அழைக்கக் கூடாதவர் யாருமே இல்லையா?

அரசர் இருக்கிறார். அவரிடம் பேசினால் அந்தப் பழைய படர்க்கை வழக்கம் இன்றும் நிற்கிறது: அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘அரசர் என்ன நினைக்கிறார்?’ என்று கேட்க வேண்டும். நமக்கு அதுவும் கஷ்டமாக இருக்காது. மாமாவிடம் காபி கேட்டுப் பழகியவர்கள்தானே.